இரண்டு வாஷர்

டாங்கியின் அடிப்பக்கத்தைக் கீழே கிடந்து பார்த்துவிட்டு உயிரோடு இருப்பவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். என் மனைவி. அது தெரிந்துகொண்டு நான் டாங்கி செய்யத் தொடங்கவில்லை. ஆனால் தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. பதினைந்து வருஷமாக அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு என் டாங்கி பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பதிலைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்துத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், நான் பிட்டர். இறப்பர் பால் ஷீட் ஆகிற ரோலர் நின்றாலும், தண்ணீர்ப் பம்ப் மூச்சு வாங்கினாலும், துரை பங்களா ஜெனரேட்டர் இருமினாலும் என்னைத்தான் தேடுவார்கள். ஆள் கொஞ்சம் முன்கோபி. அளவில் பிசகினால் எனக்குத் தாங்காது. என்னோடு வேலை செய்தவர்கள் "அரை நூல்" என்று எனக்குப் பட்டம் வைத்திருந்தார்கள். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். அதில் பாதி போனாலும் நான் திரும்பச் செய்யச் சொல்வேனாம். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

முதலில் செய்தது டோசர். தோட்டத்து ரோட்டை மண்சரிவு மூடியபோது அதை அள்ள ஒரு டோசர் வந்தது. மூன்று நாள் வாயைப் பிளந்துகொண்டு அதன் செயினையே பார்த்துக்கொண்டு நின்றேன். சக்கரம் தனக்குத் தானே ரோட்டை விரித்து, அதன் மேல் ஓடி, பிறகு சுருட்டி எடுத்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் மனிதனா என்று இருந்தது. பிறகு போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். வெளிநாட்டில் தலை நரைத்த மனிதர்கள் வீட்டுக் கொல்லையில் பெரிய பெரிய செயின் வண்டிகளைச் செய்து, ரிமோட்டை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போலப் பைத்தியங்கள் உலகமெல்லாம் இருக்கின்றன என்று தெரிந்ததில் ஓர் ஆறுதல். பழைய வீல்செயார் மோட்டார் இரண்டும் லொறி பேட்டரி ஒன்றும் வைத்து என் டோசர் ஓடியது. லயத்து வரிசை வீடுகளின் சனம் சிரித்தது. அது ஒரு கட்டு விறகை இழுத்துக்கொண்டு மேடு ஏறியபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டது.

டாங்கி ஆசை வந்ததற்குக் காரணம் யுத்தம் இல்லை, கர்வம். டோசர் செயின் எருமை மாதிரி ஊர்ந்து போகும். டாங்கியில் பக்கத்துக்கு ஐந்து சக்கரம். ஒவ்வொன்றும் தனித்தனியே மேலே எழும்பிக் கீழே இறங்கி, பள்ளம் மேடு எதுவானாலும் செயினைத் தரையோடு அணைத்துக்கொண்டு ஓடும். என்னால் முடியுமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாலில் ஒன்று அளவில் செய்வதென்று முடிவெடுத்தேன். நீளம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மனைவியிடம் சொன்னேன். "செய்யுங்க" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை தலைக்கேறினால் எனக்கு யார் முகமும் கண்ணில் படாது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய பெற்றோரின் ஆட்கள் ஒரு காலத்தில் இரத்தினபுரிப் பக்கத் தோட்டத்தில் இருந்தவர்கள். கலவரத்தில் லயத்தை எரித்தபோது லொறி ஏறி வன்னிக்குப் போய், காடு வெட்டிக் குடியிருந்தார்கள். இவள் அங்கேதான் பிறந்து வளர்ந்தாள். கடைசி யுத்தத்தில் அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது இவளும் ஒரு சித்தியும். முகாமிலிருந்து விட்டபிறகு, சித்தி கிளிநொச்சிப் பக்கமே தங்கிவிட, இவள் எங்கள் தோட்டத்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்து பால் வெட்டப் போனாள். எனக்கு அப்போது நாற்பது ஆகிவிட்டது. என் கோபத்துக்குப் பயந்து யாரும் பெண் கொடுக்கவில்லை. இவள் பயப்படவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவளைப் பற்றி, "அக்கா அங்கயே போயிட்டாங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் என் அப்பா, அம்மா படங்கள் இருக்கின்றன. அவள் பக்கத்து ஆட்கள் படம் ஒன்றும் இல்லை. எல்லாம் யுத்தத்தில் போயிருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

டாங்கியைப் பற்றிக் கேட்க எனக்கு ஒருவர் இருந்தார். தெஹியோவிட்ட டவுனில் திரீவீலர் திருத்துகிற சிங்களவர். முன்பு படையில் டாங்கி திருத்தும் பிரிவில் இருந்தவர். பேரிங் வாங்கப் போய்ப் பழக்கம். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். இடையில் அவர் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை மசாலா போலத் தூவுவார். செயினை இறுக்கிப் போட்டு முதல் ஓட்டத்திலேயே அது கழன்று விழுந்தபோது, "சேற்றுக்கு இறுக்கக்கூடாது, தொங்க விடு" என்று சொல்லித் தந்தவர் அவர்தான். எங்கள் ஊரில் சேற்றுக்குப் பஞ்சமா? தொங்க விட்டேன், கழலாமல் நின்றது.

தமிழன் ஒருவன் தோட்டத்தில் டாங்கி செய்கிறான் என்றால் சும்மா விடுவார்களா? ஒருநாள் பொலிஸ் ஜீப் வந்தது. வந்த சார்ஜன்ட் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குழலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அது தண்ணீர்ப் பைப் என்று காட்டினேன். அரை மணி நேரம் கழித்து அவர் ரிமோட்டை வாங்கி மைதானத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். கூட வந்தவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க மனைவி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. பொலிசுக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மேல்பக்கம் எல்லாம் முடிந்தது. அடிப்பக்கம்தான் பிரச்சினை. யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டுவிட எனக்கு மனம் வராது. போனில் தேடினால் எல்லாப் படமும் மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தவை. தெஹியோவிட்டக்காரரும் எந்த மூடி எங்கே இருந்தது என்று மறந்துபோனார். ஒரு பின்னேரம் குசினி வாசலில் உட்கார்ந்து இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். மனைவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"பின்னுக்கு வலப் பக்கமா ஒரு வட்ட மூடி இருக்குங்க. சோத்துப் பான மூடி அளவு. சுத்தி ஆணி இருக்கும். ஒரு ஆணி இல்ல. அதுலருந்து எண்ண ஒழுகும்."

நான் செய்த முதல் காரியம் பென்சிலைத் தேடியது. இரண்டாவது காரியம் அதைவிட மோசம். "வலப் பக்கம்னா, ஓட்டுறவனுக்கு வலமா, உனக்கு வலமா?" என்று கேட்டேன். இப்போது அவள் கையை நிறுத்தினாள். "நான் மல்லாக்கக் கெடந்தேன். எனக்கு வலம்" என்றாள். நான் காகிதத்தைத் திருப்பிப் பிடித்து வரைந்தேன். மூடியை வரைந்து, ஆணிகளைப் போட்டு, இல்லாத ஆணிக்கு வெறும் ஓட்டையும் போட்ட பிறகுதான், எதை வரைந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அப்போதும் பென்சில் கையை விட்டுப் போகவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாட்களில் அவளாகவே சொல்லத் தொடங்கினாள். இரண்டு தகடு சேருகிற இடத்தில் வெல்டிங் தடிப்பாக, புண் ஆறின தழும்பு மாதிரி இருக்கும். முன்பக்கம் காய்ந்த சேற்றில் புல்லோடு ஒரு கட்டி ஒட்டியிருந்தது. நான் எல்லாவற்றையும் குறித்தேன். வீட்டில் உப்பு முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் அவள் சொன்னாள். அதனால் எனக்கு வசதியாகப் போயிற்று. சொல்லிச் சொல்லியே பாரம் குறைகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

செயினுக்கு எங்கள் ஸ்டோர் ஆள் எவனும் செய்கிற வேலையைத்தான் நானும் செய்திருந்தேன். ஒவ்வோர் இரும்புக் கண்ணியின் அடியிலும் ஒரு துண்டு இறப்பர் ஒட்டினேன். வண்டி பூனை மாதிரிப் போனது. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். அவள் மட்டும் தலையை ஆட்டினாள். "சத்தம் சரியில்ல. அது வாறது காதுக்குக் கேக்க முந்தியே மண்ணுல தெரியும். பல்லுல தெரியும்" என்றாள். நான் அந்த வாரமே இறப்பரை எல்லாம் பிடுங்கினேன். அவள் கேட்டாள் என்பதற்காக இல்லை. சரியில்லை என்று ஒருவர் சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் வராது, அதனால்.

வெறும் இரும்பில் லயத்துக்கு முன்னால் ஓட்டியபோது கடைசி வீடான கோடித் தொங்கலில் இருந்த கிழவர் மலை சரிகிறதோ என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வெற்றி பெற்ற மாதிரி வீட்டுக்குள் போனேன். மனைவி சீமெந்துத் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னாள். வழக்கமாக எங்கள் பேச்சுத்தான் அவளுக்கும் வரும். அன்று பாதிக்கு மேல் வன்னிப் பேச்சாக இருந்தது.

ஒரு மண் அணை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பங்கர். ஆள் கிடக்கிற அளவு குழி. அக்காவின் காலில் காயம், மடக்க முடியாது. அதனால் இவளைக் குழிக்குள் தள்ளிவிட்டு அக்கா வெளியே நீட்டிக் கிடந்தாள். அணைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. அக்கா வெள்ளைத் துணி ஒன்றைக் கையில் எடுத்து, நான் எழும்பி நின்று கையைக் காட்டப் போகிறேன் என்றாளாம். இவள் கத்தினாள். அக்கா படுத்துவிட்டாள். டாங்கி அணையின் மேலாக வந்தது. அடிவயிறு குழிக்கு மேலே வந்து நின்றது. ஆணி இல்லாத ஓட்டையிலிருந்து எண்ணெய் இவள் கழுத்தில் சொட்டியது. அக்கா கிடந்தது செயின் பக்கம். நல்லவேளை, அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

"எழும்பாதை அக்கா, படு எண்டு நான்தான் கத்தினனான்" என்றாள். "அவ எழும்பி நிண்டிருந்தா ஓட்டினவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அவளுடைய கேள்வி அதுதான். பதினைந்து வருஷமாக அவளுக்குள் கிடந்தது. அக்காவின் படம் சித்தியிடம் இருக்கிறதாம். ஏன் வாங்கி மாட்டவில்லை என்று கேட்டேன். "கொன்னவளே படம் போட்டு வெளக்கு வைக்கலாமா?" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். எல்லாம் நாலில் ஒன்று, அரை நூல் பிசகாது என்று ஊரெல்லாம் சொல்கிறீர்களே, அப்படியானால் இதில் வைத்துப் பார்க்கலாம்தானே என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் துக்கத்தோடு துக்கமாக எனக்குள் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. இதைச் செய்துகாட்ட முடியும் என்ற குறுகுறுப்பு. அந்தப் புத்தி எனக்கு எதற்குக் கொடுக்கப்பட்டதோ தெரியாது.

வேன்களுக்குப் பின்னால் மாட்டுகிற ரிவர்ஸ் கெமரா ஒன்றும், அதற்குரிய சின்னத் திரையும் வாங்கினேன். ஓட்டுபவன் கண் இருக்கிற இடத்தில் கெமராவைப் பொருத்த வேண்டும். அவன் கண் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சாய்ந்து பார்க்கும் என்று தெஹியோவிட்டக்காரரிடம் கேட்கப் போனேன். ஓட்டுபவன் தலைக்கு மேலுள்ள மூடியைச் சாத்தினால் கண்ணாடிக் கட்டை வழியாகத்தான் பார்க்க வேண்டும், தபால் பெட்டி வாய் வழியாக ரோட்டைப் பார்க்கிற மாதிரி என்று சொல்லி, அட்டையில் கோணத்தை வரைந்து வெட்டித் தந்தார். எதற்கு இவ்வளவு கணக்கு என்று சிரித்தார். சொன்னேன். சிரிப்பு நின்றது. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார். தெரிவது வேறு, நிறுத்துவது வேறு, உன் கெமரா இரண்டாவதைச் சொல்லாது என்றார். தான் ஓட்டினவன் இல்லை, திருத்தினவன் என்றும் சொன்னார். நான் அதைக் கேட்கவே இல்லை. நான் கிளம்பும்போது, "பலாகென, மச்சாங்" என்றார். பார்த்து நடந்துகொள் என்று அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை அவள் மாதா மாதம் போகிற பிரஷர் கிளினிக்குக்காகக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவளுக்குக் காட்டுவதற்கு முதல் நான் தனியாகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பழைய இறப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வெளி இருக்கிறது. அவள் சொன்ன கணக்குக்கு அணை போட்டேன், குழி வெட்டினேன். அக்கா ஐந்தடி. நாலில் ஒன்று பதினைந்து அங்குலம். அந்த அளவுக்கு இறப்பர் மரக் கட்டை ஒன்றை அறுத்தேன்.

கட்டையைப் படுக்க வைத்து ஓட்டினேன். டாங்கி அணையில் ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், திரையில் வானம்தான். உச்சியில் தராசு மாதிரி ஒரு கணம் நிற்கும். பிறகு மூக்கு கீழே சாயும். சாய்ந்தபோது மண் தெரிந்தது, கட்டை தெரியவில்லை. கண்ணுக்கு எட்டாத கிட்டத்தில் அது கிடந்தது.

கட்டையை நிறுத்தி வைத்து ஓட்டினேன். வானம். உச்சி. மூக்கு சாய்ந்தது. திரையின் நடுவில் கட்டை நின்றது. இடுப்புக்கு மேலே முழுதாக, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும் நேரம் நின்றது. பிறகுதான் கீழே மறைந்தது.

நான் திரும்பத் திரும்ப ஓட்டினேன். கெமராவின் உயரத்தை அளந்தேன். அட்டையை வைத்துக் கோணத்தைச் சரிபார்த்தேன். அணையின் சரிவை அளந்தேன். என் வாழ்நாளில் முதன்முறையாக என் வேலையில் ஒரு பிழை கிடைக்காதா என்று தேடினேன். அரை நூல் பிழைகூட இல்லை. மத்தியானம் சாப்பிடாமல் டாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தே இராத ஒரு பெண் வெள்ளைத் துணியோடு எழும்பி நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலையில், அவள் அந்த வெளிக்கு வருவதற்கு முன், கெமராவின் முன் பக்கத்து ஆணியைக் கழற்றி அடியில் இரண்டு வாஷர் போட்டு முறுக்கினேன். ஒன்று போதுமா என்று பார்த்தேன். போதவில்லை. இரண்டு போட்டதும் பார்வை கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. தெஹியோவிட்டக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவரை நான் கூப்பிடவில்லை.

அவள் மண்வெட்டியோடு வந்தாள். அணையைப் பார்த்ததும் இவ்வளவு உயரம் இல்லை என்று தானே வெட்டிக் குறைத்தாள். அணை குறையக் குறைய ஓட்டுபவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். குழியைக் கொஞ்சம் தள்ளி வெட்டச் சொன்னாள். அக்கா கிடந்த இடத்தைக் காலால் தட்டிக் காட்டினாள். பிறகு குழிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முதலில் படுத்த கட்டை. திரையில் ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டினாள். அது அவளுக்குத் தெரிந்ததுதான். பிறகு தானே எழும்பிப் போய்க் கட்டையை நிறுத்தினாள். அது சரிந்து விழாமல் அடியில் மண்ணை அணைத்துவிட்டாள். திரும்ப வந்து உட்கார்ந்து, "மெதுவா வாங்க" என்றாள்.

மெதுவாக வந்தேன். திரையில் வானம். பிறகு மரங்களின் தலை. மூக்கு சாய்ந்தது. பால் பிடிக்கச் சிரட்டை கட்டின மரங்களின் நடுப்பாகம் தெரிந்தது. அதற்குக் கீழே திரை முடிந்துவிட்டது. கட்டை செயினில் பட்டு விழுகிற சத்தம் கேட்டது. திரையில் அது வரவே இல்லை.

மூன்று தடவை ஓட்டச் சொன்னாள். மூன்றாம் தடவை கட்டையை இன்னும் ஓர் அடி பின்னால் தள்ளி வைத்தாள். அப்போதும் வரவில்லை. ஓட்டம் நின்ற பிறகு அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கெமரா சரியாத்தான் வச்சிருக்கீங்களா?"

"அரை நூல் பிசகாது" என்றேன்.

அவள் எழும்பி வந்து டாங்கியின் முன் தகட்டில் கையை வைத்தாள். நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி ஒரு தடவை தடவினாள். "அவனும் பாவம். அவனுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள். பிறகு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இறப்பர் இலை உதிர்கிற மாதம் அது. அழுது முடிக்கும்வரை அவள் தலையில் இலை விழுந்துகொண்டிருந்தது. நான் அவற்றை எடுத்துவிட்டுக்கொண்டே நின்றேன். எனக்கு ஆத்திரமும் வந்தது. யாரோ ஒருவனுக்கு அவள் மன்னிப்புக் கொடுத்துவிட்டாள். அதை வாங்கிக் கொடுத்தது என் இரண்டு வாஷர்.

அதன் பிறகு அவள் மாறிவிட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். தரையில் கை வைத்துப் பார்க்காமல் உட்காருகிறாள். பால் வெட்டப் போகிற பெண்களோடு சேர்ந்து சிரிப்பது வீட்டு வாசல்வரை கேட்கிறது. சித்தியிடமிருந்து அக்காவின் படத்தை வரவழைத்து, தெஹியோவிட்டவில் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டினாள். இருபத்திரண்டு வயதுப் பெண். நேராகப் பார்க்கிற கண். வெள்ளிக்கிழமைகளில் பூவும் விளக்கும். யாராவது வந்து யார் இது என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறாள். "நின்னிருந்தாலும் தெரிஞ்சிருக்காதுங்க. எங்க வீட்டுக்காரரு செஞ்சே காட்டினாரு. அவரு அளவு தப்பாது" என்கிறாள். கேட்பவர்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்கள்.

டாங்கி தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. வாஷர் இரண்டையும் அடுத்த நாளே கழற்றிவிட்டேன். பிழையை அப்படியே விட்டுவைக்க என்னால் முடியாது. அவள் வேலைக்குப் போகிற நாட்களில் சில நேரம் தார்ப்பாயை நீக்கி அதை வெளிக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். அணை மழையில் கரைந்துவிட்டது; திரும்பப் போட்டேன். கட்டையை நிறுத்துகிறேன். வானம், உச்சி, மூக்கு சாய்கிறது, அக்கா நிற்கிறாள். நான்கு எண்ணுவதற்குள் நிறுத்த முடியுமா என்றும் பார்த்தேன். முடிகிறது. கட்டைக்கு ஒரு சாண் இருக்கும்போதே வண்டி நின்றுவிடுகிறது. இன்றுவரை ஒரு தடவையும் தவறவில்லை.

போன வெள்ளிக்கிழமை விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே மனைவி கேட்டாள்: "நீங்க ஏங்க அக்கா படத்த நிமிந்து பாக்கிறதே இல்ல?"

கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்றேன். அவள் மறுநாளே படத்தைக் கழற்றி, வெளிச்சம் படாத சுவரில் மாட்டினாள். இப்போது அது நான் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது.